மழை கேக்காத மைக்கு

இல்ல தங்கச்சி, மைக்கு கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லவே இல்லையே. நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு, அதான் பிரச்சனையே. நான் கித்தார் வாசிச்சா, கித்தாரத் தவிர எங்க தேயிலத் தோட்டத்துல இருக்கற அத்தனையும் உள்ள விழுது.

இதே கடையில நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க? வீட்டுல ரெக்கார்ட் பண்ண, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இந்த செட்டுதான் சரின்னு. பெட்டி ஒண்ணு, அதுல சொருகற மைக்கு, காதுல மாட்டறது, வயரு. நானும் ஒங்கள நம்பி கேமரன் மலையிலருந்து ஈப்போ டவுனுக்கு எறங்கி வந்து வாங்கிட்டுப் போனேன். டீ ஃபேக்டரில வேல பாக்கறவனுக்கு இதெல்லாம் என்னா தெரியும்? ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல வாசிப்பேன், அவ்ளோதான் லா.

மொத நாளு சத்தமே வரல. பெட்டில ஒரு பட்டன அமுக்குனாத்தான் இந்த மைக்குக்கு கரண்டு போகுமாம். நீங்க சொல்லவே இல்ல. சொன்னீங்களா? சரி, சொல்லிருப்பீங்க. அதக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு சாயங்காலம் போச்சு.

அப்புறம் வாசிச்சுப் போட்டுக் கேட்டா, மழ. எங்க வீட்டுக்குத் தகரக் கூர. விழுந்தா பக்கத்துல பேசறதே கேக்காது. மழ விட்டுச்சேன்னு ஒக்காந்தா பக்கத்து வீட்டு வடிவம்மாளு குக்கரு விசிலடிக்குது. அது அடங்குனா திரிங்காப்புலருந்து கோசு ஏத்திட்டு வர்ற லோரி, சரியா எங்க வளைவுல கியர மாத்தறான். எல்லாம் ஓஞ்சு, நல்லா வந்துட்டு இருக்கு, கடைசி வரிக்குப் போறேன், எம் பொஞ்சாதி புனிதா அடுப்படிலருந்து, என்னாங்க, டீ ஆறுதுங்கறா. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். கித்தாரத் தூக்கி அடிச்சிருப்பேன்.

சிரிக்காதீங்க. கம்பளிய தலையோட போத்திக்கிட்டு, மைக்கையும் உள்ள வச்சிக்கிட்டு வாசிச்சுப் பாத்துட்டேன். கேட்டா நான் மூச்சு வாங்கறதுதான் கேக்குது.

ஸ்டூடியோவா? போனேனே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் என்னையே பாத்துக்கிட்டு இருக்கான். வெரலு ஓடல. காசக் குடுத்துட்டு வந்துட்டேன். கோயில்ல வச்சு எடுக்கலாம்னா ரோட்ட ஒட்டிக் கோயிலு, நாள் முழுக்க லோரிதான்.

இதுவா, பாட்டுக்காரங்க கையில புடிக்கற மைக்கா? கிட்டத்துல இருக்கறத மட்டும் எடுக்குமா? மழையே பெய்யாதா இதுல? பாத்தீங்களா, கொஞ்சமா கேக்கும்ங்கறீங்க. கொஞ்சம் கூட வேணாம் தங்கச்சி. ஒரு சொட்டு கூட.

அப்ப அதத்தான் சொல்றீங்க. கித்தாரு மேலயே ஒட்டறது, பிக்கப்பு. மைக்கே இல்லாம வயர நேரா பெட்டில சொருகறது. இப்ப வாசிச்சுப் பாத்தேனே, அது என் கித்தாரே இல்ல. ரப்பர் பேண்ட இழுத்து விட்ட மாதிரி இருக்கு. இருவது வருசமா வச்சிருக்கேன் இந்தக் கித்தாரு, அதுக்குன்னு ஒரு கொரல் இருக்கு. இதுல அது செத்துப்போச்சு. வெறுத்துப்போவுது எனக்கு. நல்ல சத்தம் வேணும்னா வீடே உள்ள வருது, வீடு வேணாம்னா கித்தாரே இல்லாம போவுது.

எப்ப வேணுமா? வர்ற சனிக்கெழம கிள்ளான்ல கல்யாணம். பொண்ணு கோயிலுக்குள்ள நடந்து வரும்போது போடறதுக்கு. ராய்ஸ்டன்னு எங்க தோட்டத்துப் பையன், அங்க பாட்டுக்குழு பாக்கறான், அவன்தான் கேட்டான். நாளைக்கே அனுப்பியாகணும்.

லேசா மழச் சத்தம் இருந்தா அழகாத்தானே இருக்கும்னு நீங்க ஈசியா சொல்லிட்டீங்க. இருக்கக் கூடாது. அந்தப் பொண்ணு பொறந்து வளந்ததே எங்க வீட்டு அந்தத் தகரக் கூரைக்குக் கீழதான். எம் மக. கேத்லீனு.

இல்ல, நான் போகல. வர வேணாம்னு ஆள் விட்டுச் சொல்லிட்டா. அவ அம்மா தவறி ஒரு வருசம் ஆகறதுக்குள்ள புனிதாவக் கட்டிக்கிட்டேன், அன்னிலருந்து பேச்சு இல்ல. கட்டுனது தப்புன்னு நான் இன்னிக்கும் சொல்ல மாட்டேன், அது வேற கத. வாசிச்சது யாருன்னு அவகிட்ட சொல்லாதடான்னு ராய்ஸ்டன்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன். பாட்டு கூட நான் எப்பவும் வாசிக்கறது இல்ல, புதுசா கத்துக்கிட்டது. தெரிஞ்சா நிறுத்தச் சொல்லிடுவா. புனிதா கொரல் மட்டும் அதுல கேட்டுச்சுன்னா, நடுக் கோயில்ல நின்னுடுவா எம் பொண்ணு.

அட, நீங்க ஏன் கண்ணத் தொடைக்கிறீங்க. விடுங்க. அந்த பிக்கப்பயே ஒட்டிக் குடுங்க. ரப்பரு மாதிரி இருந்தா இருந்துட்டுப் போவுது. எவனோ வாசிக்கறான்னு நெனச்சிக்கிட்டு நடந்து போகட்டும்.