பின்பக்கத்துக்குப் பூஜ்யம்

வீட்டில் படம் பார்க்கும்போது, பாட்டு வந்தால் காது கிழிகிறது, வசனம் வந்தால் ஒரு எழவும் கேட்பதில்லை என்று நீங்களும் ஒரு நாளாவது டிவியைத் திட்டியிருப்பீர்கள் சார். பாவம், டிவி என்ன செய்யும். தியேட்டருக்காக ஆறு தடங்களில் செய்த ஒலியை, உங்கள் டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குள் எவனோ அரைகுறையாக அடைத்திருப்பான். ஆறை இரண்டாக்குவதுதான் என் வேலை. அதை ஏனோதானோவென்று செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், புரிகிறது. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், எங்கள் ஒலிப்பதிவு அறைக்குள் மூச்சுத்திணறிச் செத்துப்போனார். வெளியே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அவர் கூப்பிட்டது கேட்டதா, இல்லையா? சொல்கிறேன். அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், கிறீச் கிறீச்சென்கிறது, என்னால் யோசிக்க முடியவில்லை.

மச்சான் நல்லவர். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஸ்டுடியோ அவருடையது, வீடும் அவருடையது. மாடியில் நாங்கள், கீழே அவர். தங்கையை விட்டுவிட்டு இருக்க முடியாது என்று கல்யாணமே செய்துகொள்ளவில்லை. என் சட்டைகளை அவர்தான் எடுப்பார், என் மூக்குக்கண்ணாடிக்கு ஃபிரேம் அவர்தான் பார்ப்பார். குளியலறையில் கொஞ்சம் தாமதமானால் போதும், கீழேயிருந்து குரல் வரும்: “மாப்ளே, வயிறு சரியில்லையா?” ஒரு நாளாவது என்னைத் திட்டியிருந்தால் ரோஷப்பட்டுக் கிளம்பியிருப்பேன். அன்பைக் கொட்டுகிறவரிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது? அந்த வீட்டில் எனக்குத்தான் சார் முதலில் மூச்சு முட்டியது.

வேறு ஊரில் ஒரு பெரிய நிறுவனம் என்னை வேலைக்கு அழைத்திருந்தது. மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அண்ணனிடம் மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை. அன்று காலை மச்சான் வாயெல்லாம் பல்லாக ஸ்டுடியோவுக்குள் வந்தார்.

“மாப்ளே, அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட நானே பேசிட்டேன். எங்க மாப்ளைய எங்கயும் அனுப்புறதா இல்ல, வேற ஆளப் பாருங்கன்னு சொல்லிட்டேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மச்சான்.”

“உன்னக் கேட்டா நீ போறேம்ப. நீ போயிட்டா நான் என்ன பண்றது? பைத்தியக்காரா, நம்மள விட்டுட்டு எங்க போகப்போற?”

சொல்லிவிட்டு என் கன்னத்தில் தட்டினார். நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்திருக்க வேண்டும், அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

மத்தியானம் பதிவு இருந்தது. படத்தில் ஒருவன் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறான். அவன் கதவைத் தட்டுவது, அங்குமிங்கும் நடப்பது, மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் மச்சான் தன் கையால், காலால், தொண்டையால் செய்து கொடுப்பார். அதில் அவரை அடிக்க ஆளே கிடையாது. அறையைச் சுற்றி ஆறு மைக். மூன்று முன்பக்கம், உறுமல் சத்தத்துக்கு ஒன்று, பின்பக்கம் கதவைப் பார்த்தபடி இரண்டு. சுவரெல்லாம் பஞ்சு, உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. ஒவ்வொரு மைக்குக்கும் தன் எதிரில் இருப்பது மட்டும்தான் கேட்கும்.

அந்த அறையின் விதிகள் எல்லாம் மச்சான் போட்டவை. இதை எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போவதற்குமுன் பையைக் காலி செய்துவிட வேண்டும், நடக்கும்போது சத்தம் வரும். எனவே சாவி, சில்லறை, போன், அவருடைய இளைப்புக்கு உறிஞ்சுகிற இன்ஹேலர், எல்லாம் என் மேசைமேல் தட்டில் இருந்தன. கதவின் உள்பக்கக் கைப்பிடி கடகடவென்று ஆடி ஒரு பதிவைக் கெடுத்துவிட்டது என்று அவரே ஸ்க்ரூடிரைவரால் கழற்றிப் போட்டார். வெளியிலிருந்துதான் திறக்க முடியும். இரண்டு அறைக்கும் நடுவே இருந்த கண்ணாடியையும், ஒலி மோதித் திரும்புகிறது என்று அடைத்துவிட்டார். பதிவு நடக்கும்போது ஏசியும் ஓடாது.

ஆறு மைக்கும் அப்படியே தனித்தனியாகப் பதிவாகும். ஹெட்ஃபோனுக்கு மட்டும், ஆறையும் இரண்டாகக் கலந்து அனுப்ப ஒரு புரோகிராம் உண்டு. அதற்குப் பட்டன், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி டைப் செய்ய வேண்டும். நடுவிலிருந்து எவ்வளவு, பின்பக்கத்திலிருந்து எவ்வளவு என்று அந்த வரியில் எண்கள் கொடுக்கலாம். பின்பக்கத்துக்கு வழக்கமாக 0.7 கொடுப்பேன். ஒன்று கொடுத்தால் முன்னால் வருகிற வசனத்தை அமுக்கிவிடும். பூஜ்யம் கொடுத்தால், பின்பக்கம் என்று ஒன்று இருந்ததே தெரியாது.

மச்சான் தட்டினார், நடந்தார், மூச்சு வாங்கினார். பிரமாதமாக இருந்தது. பிறகு மூச்சு மாறியது. நடிப்புக்கு மூச்சு வாங்கும்போது உள்ளே இழுக்கையில் சத்தம் வரும். அவருக்கு இளைப்பு வந்தால் வெளியே விடும்போது விசில் கேட்கும். மாடியிலிருந்தே அதைக் கேட்டு இறங்கி ஓடியிருக்கிறேன். காலடிகள் கதவுப் பக்கம் போயின.

“மாப்ளே, கதவத் திற. இளைப்பு வந்துடுச்சு.”

கேட்டது சார். தெளிவாகவே கேட்டது.

புரோகிராமை நிறுத்தினேன். பதிவு தனியாக ஓடிக்கொண்டிருந்தது, ஹெட்ஃபோன் மட்டும் அமைதியானது. அந்த வரியைத் திரும்ப டைப் செய்தேன். 0.7 இருந்த இடத்தில் பூஜ்யம். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு என்டரைத் தட்டினேன். முன்பக்கத்து மைக்குகளின் ஒலி மட்டும் வந்தது. ஆளில்லாத அறை மாதிரி இருந்தது. கலவை என்ற அளவில் சுத்தமாக இருந்தது.

கதவு என் நாற்காலியிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம். நான் எழுந்திருக்கவில்லை. பல வருடங்களில் முதல் தடவையாக என்னை யாரும் மாப்ளே என்று கூப்பிடவில்லை. நிம்மதியாக இருந்தது, அதை உங்களிடம் பூசிமெழுகிச் சொல்ல என்ன இருக்கிறது?

எப்போதும் பதிவு முடிகிற நேரத்தில் கதவைத் திறந்தேன். திறந்ததும் கத்தினேன், ஆட்களைக் கூப்பிட்டேன், இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதில் பொய் இல்லை. அழுகையும் உண்மைதான்.

மனைவிதான் கேட்டுக்கொண்டே இருந்தாள். “அண்ணன் கூப்பிட்டாராங்க? ரொம்பக் கஷ்டப்பட்டாரா? ஒரே ஒரு தடவை அதக் கேக்கணும்ங்க.” மனசு கேட்கவில்லை. அதே வரியைக் கொடுத்து இரண்டு தடத்தில் ஒரு பிரதி செய்து அவள் போனில் போட்டேன். முழுவதும் கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தூங்கிட்ட மாதிரி போயிருக்காருங்க” என்றாள். அன்றைக்குத்தான் வாய்க்கு ருசியாக நாலு கவளம் சாப்பிட்டாள். என் தொழிலில் அதைவிட நல்ல கலவையை நான் செய்ததில்லை.

மூலப்பதிவை ஏன் அழிக்கவில்லை என்று உங்கள் ஆட்கள் வெளியே சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூலத்தை யாராவது அழிப்பார்களா? தொழிலில் முதல் பாடமே அதுதான். கொலைகாரனாக இருந்தால் அழித்திருப்பான். நான் அழிக்கவில்லை என்பதையே நீங்கள் யோசித்துப் பார்க்கலாம். நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆறு ஸ்பீக்கர் இருக்கிற தியேட்டரில் போட்டுவிட்டீர்கள், சரி.

இப்போது என் மனைவி அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு அதைப் போட்டுக்காட்டப் போகிறீர்கள் என்றார்கள். வேண்டாம் சார். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அவளால் தாங்க முடியாது. போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், அந்த வரியை நான் எழுதித் தருகிறேன். அப்படியே டைப் செய்தால் போதும்.

நீங்கள் பின்பக்கத் தடத்தைக் கடைசிவரை கேட்டீர்களா? பாதியில் நிறுத்தியிருப்பீர்கள், எல்லோரும் நிறுத்தத்தான் செய்வார்கள். நான் பிறகு தனியாக உட்கார்ந்து, பின்பக்கத்துக்கு ஒன்று கொடுத்து, முழுதாகக் கேட்டேன். தட்டுவது நின்றுவிடுகிறது. கதவைத் திற என்று கேட்பதும் நின்றுவிடுகிறது. அப்புறம் மைக்குக்கு மிக அருகில் வந்து, இழுத்து இழுத்துச் சொல்கிறார்: “மாப்ளே... ஏன்ப்பா பேச மாட்டேங்குற... உனக்கு எதாச்சும் ஆயிடுச்சா?”

அதற்குமேல் எதுவும் இல்லை. பார்த்தீர்களா சார், கடைசிவரைக்கும் அவருக்கு என்மேல் ஒரு வருத்தமும் கிடையாது.