ஒழுங்கை முழுக்கக் கடும்பு

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஒன்பது பிள்ளைகளை வளர்த்தவள். போன கிழமை தெல்லிப்பழையில் இருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், முன் சீற்றில் இருந்த இளம் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"ஒழுங்கை முழுக்க, வீடு வீடாய்க் கடும்பு குடுத்தன் அக்கா. கண்டுக்குட்டிக்குத்தான் இல்லை."

"உங்கடை முதல் மாடோ?"

"ஓம். நேற்றுப் பின்னேரம் கண்டு போட்டது. சந்தோசத்திலை கடும்பு எண்டு முதல் பால் எல்லாத்தையும் ஒட்டக் கறந்திட்டன். இப்ப கண்டுக்குட்டி எழும்புதில்லை. மருந்து எடுக்கப் போறன்."

"முதல் அதுக்குக் கடும்பு பருக்க வேணும், பிள்ளை. என்ரை மாடு இண்டைக்கு விடியத்தான் கண்டு போட்டது. சுன்னாகத்திலை என்னோடை இறங்கு, தாறன்."

"யாழ்ப்பாணத்துக்கு ரிக்கற் எடுத்திட்டன்."

"ரிக்கற்றையோ வளர்க்கப் போறாய்?"

அவள் சிரித்தபடி கண்ணைத் துடைத்தாள். சுன்னாகத்தில் இருவரும் இறங்கினார்கள்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கால் வாசி. ரிக்கற்றைப் பற்றி அந்த மனிசி சொன்னதை நான் திரும்பக் கேட்கவேண்டும்.