நிறமில்லாத வினாத்தாள்

பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லிக் கண்ணாலேயே என்னை மிரட்டிக் கொண்டிருக்கும் அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்து வீற்றிருக்கும் மூத்தோர்களே! மருத்துவமனைகளின் மாடங்களையும் கூடங்களையும் மாசில்லாமல் காக்கும் தாய்மார்களே! கரும்பலகையோடு காலம் கழித்த என் சக பயிற்சியாளர்களே! அனைவருக்கும் அன்பும் பணிவும் கலந்த என் வணக்கம்.

இணையவழி வினாடி வினா விளையாட்டை எல்லாப் பயிற்சி மையங்களுக்கும் கொண்டு செல்லும் தொடக்க விழா இது. அதை முதலில் வகுப்புக்குள் கொண்டு வந்தவன் நான் என்பதால், புகழ்ந்து பேச அழைத்திருக்கிறார்கள். புகழத்தான் வந்தேன். நான்கு பக்கம் எழுதியும் வந்தேன். அது சட்டைப் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

என் வகுப்பு எது? துப்புரவுப் பணியாளர்களுக்கான எழுத்தறிவு வகுப்பு. பிற்பகல் மூன்று மணிக்கு, சலவைக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் நடக்கும். பன்னிரண்டு பேர் வருவார்கள். பன்னிரண்டு பேரும் கொட்டாவி விடுவார்கள். பதின்மூன்றாவது ஆளாகிய நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டு பாடம் நடத்துவேன்! சிரிக்கிறீர்கள், உங்கள் வகுப்பும் அப்படித்தானா?

அங்கேதான் அந்த விளையாட்டு வந்தது. சுவரில் பெரிய திரை. திரையில் கேள்வி. கேள்விக்குக் கீழே சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விடை. சரியான விடையின் நிறத்தைக் கைப்பேசியில் அழுத்த வேண்டும். இருபதே விநாடி, முடிந்ததும் மணி அடித்துவிடும். முந்தி அழுத்தினால் மதிப்பெண் அதிகம், திரையில் பெயரும் மேலே ஏறும். ஆகா, என்ன ஆரவாரம்! என்ன ஆட்டம்! தூங்கிய அறை துள்ளியது. சலவைக் கூடத்துக்காரர் வந்து, "சார், கொஞ்சம் மெதுவா படிக்கச் சொல்லுங்க, மிஷின் சத்தமே கேக்கல" என்றார். நான் பூரித்துப் போனேன்.

அந்த வகுப்பில் ஓர் அக்கா இருந்தார். மூன்றாம் மாடித் தாழ்வாரத்தைப் பதினைந்து ஆண்டுகளாகத் துடைப்பவர். விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயர் மின்னல். மேற்பார்வையாளர் வேலைக்கு ஓர் எழுத்துத் தேர்வு வரவிருந்தது; அதற்குத் தந்த நாற்பது பயிற்சிக் கேள்விகளைத்தான் விளையாட்டில் போட்டிருந்தேன். "அந்த வேல கெடச்சா என் முட்டி பொழைச்சுக்கும் சார். குனிஞ்சா நிமிர முடியல" என்பார். அதற்காகவே வகுப்பில் சேர்ந்தார். தரை துடைக்கும் மருந்துப் புட்டியின் மேல் விரலை வைத்து, 'கி... ரு... மி...' என்று கூட்டி, 'கிருமிநாசினி' என்று முடிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகும். ஆனால் தப்பில்லாமல் முடிப்பார்.

விளையாட்டு தொடங்கிய வாரம் மின்னல் கடைசி இடம். அடுத்த வாரம்? முதலிடம்! ஒரு நாளா, இரண்டு நாளா? தொடர்ந்து பதினொரு நாள்! எழுந்து நிற்கச் சொன்னேன், கைதட்டச் சொன்னேன், மேலிடத்துக்கு எழுதினேன். "எப்படிக்கா இது?" என்று கேட்டால், "நீங்க வாசிக்கிறத நல்லா கவனிக்கிறேன் சார்" என்றார். என் குரலுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் மடத்தனத்தை என்னவென்று சொல்வது!

தேர்வு நாள் வந்தது. தேர்வறைக் கண்காணிப்புக்கு நான். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் நாற்பது கேள்விகள், நாங்கள் தினமும் விளையாடிய அதே நாற்பது. அக்கா தாளைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். கையைத் தூக்கி என்னை அழைத்து, காதோடு கேட்டார்: "சார், இதுல கலர் எங்க?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? என்ன செய்தேன் தெரியுமா? "பரீட்சைல பேசக்கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். இல்லை ஐயா, கைதட்டாதீர்கள், இது கைதட்டும் இடமில்லை. அக்கா ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்து, வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை வேறொருவருக்குப் போனது. அக்கா வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் மாடிக்குப் போனேன். வாளியும் கையுமாக நின்றிருந்தார். "என்னக்கா ஆச்சு?" என்றேன்.

"எழுத்தக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள உங்க மணி அடிச்சிடுது சார். என் பேரு கீழ போயிடுது. எல்லாரும் பாக்குறாங்க. நீங்கதான் கேள்விய வாய்விட்டு வாசிக்கிறீங்களே, அதைக் கேட்டு எந்தக் கேள்விக்கு எந்தக் கலருன்னு மனசுல போட்டுக்கிட்டேன். எழுத்தப் பாக்கவே இல்ல. இப்ப புட்டியில இருக்குறதும் கூட்ட வரல."

ஒவ்வொரு முறையும் நிறம் மாறும்படி விடைகளை இடம் மாற்றிக் காட்ட அந்த விளையாட்டிலேயே வழி இருக்கிறது. ஒரே ஒரு பொத்தான்! அதை நான் தொட்டேனா? கடிகாரத்தை நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது. நிறுத்தினேனா? கேள்வியை வாசிக்காமல் வாயை மூடிக்கொண்டு ஒரு நாளாவது இருந்தேனா? விளையாட்டின் மேல் பழி போடாதீர்கள். தட்டுத் தடுமாறி, தப்பில்லாமல் படித்துக்கொண்டிருந்த ஒருவரை நிறம் பார்க்க வைத்தவன் நான். நாற்பது கேள்விக்கு நாற்பது நிறத்தை நெஞ்சில் நிறுத்திய அந்த அறிவுக்கு எழுத்து எட்டாத தூரமா? நேரம் கொடுத்திருந்தால் நிச்சயம் எட்டியிருக்கும். நான் கொடுக்கவில்லை, தோழர்களே! வகுப்பு கலகலப்பாக இருந்தது, அது எனக்குப் போதுமாக இருந்தது.

அன்று வாளியைக் கீழே வைத்துவிட்டு அக்கா கேட்டார்: "பதினோரு நாளும் நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு என் பொண்ணுகிட்ட சொன்னேன் சார். பரீட்சைக்கு அப்புறம், நீ பொய் சொன்னியாம்மான்னு கேக்குறா. ஒம்போது வயசு. நான் பொய்யா சொன்னேன்?"

"இல்லக்கா. தப்பு என்னோடது" என்றேன்.

"அப்ப அத அவகிட்ட நீங்க வந்து சொல்லுங்க."

வருகிறேன் என்றேன். நான்கு மாதம் ஆகிறது, போகவில்லை. இத்தனை பேர் முன்னால் முழங்கத் தெரிந்த எனக்கு, ஒரு குழந்தையின் முன்னால் போய் நிற்கத் துணிச்சல் வரவில்லை.

அந்த வீடு இங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. பள்ளி விட்டு அவள் வந்திருப்பாள். ஆகவே தேநீருக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. தலைவர் அவர்களே, நேரம் மீறியதற்கு மன்னியுங்கள். அனைவருக்கும் வணக்கம் சொல்லிப் புறப்படுகிறேன்.