யூத குருவாக நின்றவள்

"இண்டைக்கு நான் யூத குரு. விவாதத்தில வெண்டிட்டன்!"

நாங்கள் குடியேறிய நகரத்தின் மார்க்கம் ரோட் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண் இப்படிச் சொன்னதும் பக்கத்தில் இருந்த தோழி திகைத்தாள்.

"கம்பஸில பழைய காலத்து மத விவாதத்தை நடிச்சனாங்கள். யூதனாயிருந்து கிறிஸ்தவனா மாறின ஒருத்தன், ரட்சகர் வந்திட்டார் எண்டு யூதற்ற வேதத்தை வைச்சே அரசசபையில யூத குருவோட வாதாடினவன்."

"இங்கிலீசுக்குப் பயந்து வருசம் முழுக்க வகுப்பில வாய் திறக்காத நீ என்ன சொன்னனி?"

"ரட்சகர் வந்தால் சண்டை ஓயும் எண்டு அந்த வேதத்திலயே இருக்கு. வந்திட்டார் எண்டால் ஏன் இன்னும் சண்டை நிக்கேல்லை எண்டு கேட்டன். ஊரில ஷெல் விழேக்க பங்கர் குழிக்குள்ள இருந்து நான் கேட்ட அதே கேள்வி. மாறினவனா நடிச்ச பெடியன் தன்ர குறிப்புத் தாளை மடிச்சு வைச்சிட்டான். வகுப்பே கைதட்டினது."

"இங்கிலீசிலயோ கேட்டனி?"

"ஓம். எங்கட இங்கிலீசிலதான்!"