பதினான்காம் முளை

வேனுக்குள் புழு டப்பாவின் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டது நான்தான். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், சார்ஜெண்ட். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

நீங்கள் தூண்டில் போடுகிறவர் இல்லை என்றீர்கள். அதனால் சொல்கிறேன்: குளிர்காலத்தில் கால்வாய் மீனுக்கு ஈப்புழுதான் இரை. குளிரில் அது சுருண்டு சாதுவாகக் கிடக்கும். ஆனால் அன்று கூட வந்த என் நண்பன் ஹெட்லிக்கு முழங்கால் வலி. பாவமே என்று ஹீட்டரை முழுக்கத் திருகி வைத்தேன். சூடு பட்டதும் புழுக்களுக்கு உலகம் சுற்றிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. பாதி வழியில் ஹெட்லி கழுத்துத் துண்டுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தான். உற்றுப் பார்த்தான். கண்ணாடியை இறக்கி வெளியே போட்டான். அடுத்து காதோரத்திலிருந்து இன்னொன்று. வீடு வரும்வரை இதே வேலை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன் அப்படித்தான். திட்டியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும்.

மிச்சமிருந்தவை அவன் கோட்டுப் பைக்குள் போய், அலமாரிக் கதகதப்பில் தூங்கி, சிறகு முளைத்து, ஒரு புதன்கிழமை மாலை தேவாலயத்தில் ஜெபத்தின் நடுவே வெளியே வந்தன. அவன் மனைவி ஈனிட் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "வில்ஃப், பாதிரியார் பைபிளால ஈ அடிச்சிட்டிருந்தாரு. அந்த ஈ யாரோட கோட்டுலேர்ந்து வந்துச்சுன்னு ஊருக்கே தெரியும்."

எங்கள் தூண்டில் சங்கத்தின் அடுத்த போட்டி நாளன்று வழக்கம்போல் ஹெட்லி வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். ஈனிட் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"அவரு போயாச்சு."

"யாரோட?"

"நெவிலோட. சங்கத்துக்குப் புதுசா வந்திருக்காரே, தபால்காரர். கார்ல."

"என்ன காரு?"

"மூடி போட்ட காரு," என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

நல்ல நகைச்சுவைதான். நானே சொல்லியிருக்க வேண்டியது.

எங்கள் நட்பைப் பற்றி உங்களுக்கு விளங்கவைப்பது கொஞ்சம் கஷ்டம். ஹெட்லியும் நானும் ஒரே ஆலையில் சாயப்பட்டறைக்காரர்கள். ஆலை மூடிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை மூடவில்லை. நான் வேன் ஓட்டுவேன், நான் பேசுவேன், நான் சிரிப்பேன். அவன் கண்ணாடி வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வருவான். அவன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பதும் நான்தான். குளிரில் அவன் விரல் மடங்காது. என் மனைவி போன பிறகு, வாரத்தில் ஒருநாள் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது என்றால் அது அவன்தான்.

எங்கள் கரையில் யாரும் நேர் பதில் சொல்வதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். "ஏதாச்சும் கெடைச்சுதா?" என்றால், வலைப்பை நிறைய ரோச் மீன் துள்ளிக்கொண்டிருந்தாலும் "என்னமோ பொடிசு" என்பார்கள். "என்ன இரை?" என்றால் "கைக்கு வந்தது." வேறு வகையில் இவர்கள் யோக்கியமானவர்கள்தான். ஹெட்லி இதில் மன்னன். வேனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்: "இன்னிக்கு நல்லா இருந்துச்சாடா?" வரும் பதில், "மோசமில்ல." அந்த 'மோசமில்ல'வை வீட்டுக்கு எடுத்துப்போய் வாரம் முழுக்க வைத்துப் பார்ப்பேன்.

நெவில் இந்த ஒழுங்கைக் கெடுத்தான். கேட்டவர்களுக்கெல்லாம் உண்மையைச் சொன்னான். "ரொட்டிங்க. உள் வெள்ளைய குட்டி வட்டமா வெட்டி முள்ளுல குத்துங்க. இந்தாங்க, என்னோடதுலேர்ந்தே எடுத்துக்கோங்க." எனக்கும் கொடுத்தான். அன்று அதில்தான் எனக்கு மீன் விழுந்தது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு எந்த ஒத்தாசையும் கிடைக்கவில்லை.

கார்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஒருநாள் கரையில் சாப்பிட உட்கார்ந்தபோது நெவில் கால்வாயைக் காட்டி, "இது ஒண்ணும் ஆழமில்ல ஹெட்லி. அந்த வாத்தப் பாருங்க, அதுக்கே இடுப்பு வரைக்கும்தான் தண்ணி," என்றான். ஹெட்லி சிரித்தான். தொண்டைக்குள் இல்லை, வாயைத் திறந்து, ரொட்டித் துணுக்கு தெறிக்க, தோள் குலுங்கச் சிரித்தான்.

சார்ஜெண்ட், அந்த வாத்து என்னுடையது. ஒவ்வொரு குளிர்காலமும் நான் அவனுக்குச் சொல்கிற வாத்து. ஒருமுறைகூட அவன் அதற்குச் சிரித்ததில்லை. நான் தூண்டில் நரம்பில் விழுந்த சிக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். விரல்கள் நன்றாகத்தான் வேலை செய்தன.

இப்போது முளைக்கு வருகிறேன்.

எங்கள் சங்கத்தில் கரை மேற்பார்வை என் பொறுப்பு. விடிவதற்குள் போய், எண் எழுதிய மரமுளைகளைக் கரையோரம் இடைவெளி விட்டு அடித்துவைப்பேன். பிறகு மதுக்கடைக் கொல்லையில் குலுக்கல். எவன் எந்த எண்ணை எடுக்கிறானோ அந்த முளைக்குப் பக்கத்தில் அன்று முழுவதும் உட்கார வேண்டும். பதினான்காம் முளைக்கு அப்பால் கரைக்குக் குறுக்கே உயரழுத்த மின்கம்பி போகிறது. அதற்குக் கீழே முளை அடிப்பதில்லை. மின்னல் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை ஒன்று அங்கே நிற்கும். கம்பியைத் தாண்டித்தான் பதினைந்து. இந்தக் காலத்துக் கார்பன் இழைத் தூண்டில்கோல் இருக்கிறதே, அது வீட்டு உயரத்துக்கு நீளும், இறகு மாதிரி கனமில்லாமல் இருக்கும், ஆனால் மின்சாரத்துக்கு அது செப்புக் கம்பிக்குச் சமம். நெவிலிடம் அந்தக் கோல்தான் இருந்தது. எங்களில் பலரிடம் பழைய குட்டைக் கோல்.

அன்று ஜனவரி மூடுபனி. குலுக்கல் பையை நான் பிடித்திருந்தேன். ஹெட்லி பதின்மூன்றை எடுத்தான். நெவில் பைக்குள் கைவிடத் தயங்குவதுபோல் பாவனை செய்தான்.

"கைய விடுப்பா, கடிக்காது," என்றேன்.

"இது உங்க புழு டப்பா இல்லையே வில்ஃப்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்லியும். நானும் சிரித்தேன். சிரிக்கத் தெரிந்தவன் என்று எனக்கொரு பெயர் இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டுமே.

வந்தது பதினான்கு. "ஹெட்லி, பக்கத்து வீடு!" என்றான் நெவில். "நீங்க பிளாஸ்க்கத் தொறக்க வேணாம். டீ நானே வந்து ஊத்தித் தரேன்."

கடைசியாக மிஞ்சிய சீட்டு என்னுடையது. பதினைந்து.

மற்றவர்கள் பேக்கன் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் பசியில்லை. முளைகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துவர முன்னால் நடந்தேன். அது என் கடமை. பதினான்கு நேராகத்தான் நின்றது. அதைப் பிடுங்கினேன். அவர்கள் இருவரும் பேசிச் சிரிப்பது நாள் முழுக்க என் காதில் விழ வேண்டாம் என்று நினைத்தேன். நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எடுத்துக்கொண்டு போய் அப்பால் அடித்தேன். யோசித்துப் பார்த்தால், அதனால் நெவில் எனக்குத்தான் பக்கமாக வந்தான். அந்த நேரத்தில் இது தோன்றவில்லை.

மேலே கம்பி இருப்பது தெரியாதா என்று கேட்பீர்கள். மூடுபனியில் கம்பி தெரியவில்லை. ஆனால் ஈரநாளில் அது தேனீக்கூடு மாதிரி ரீங்கரிக்கும். அது கேட்டது.

பலகையை நான் தொடவில்லை. என் கோட்டைக் கழற்றி அதன்மேல் மாட்டினேன், அவ்வளவுதான். முளை அடித்தால் வியர்க்கும். ஒரே முளைதான், மண்ணும் இளகியிருந்தது; ஆனாலும் கோட்டை எங்காவது மாட்டத்தானே வேண்டும்.

நெவில் வந்தான். பனிக்குள்ளிருந்து, "என்ன வில்ஃப், கோட்டில்லாம நிக்கறீங்க, சளி பிடிச்சுக்கும்," என்றான். "பழகிடுச்சுப்பா," என்றேன். பெட்டியை வைத்து உட்கார்ந்தான். என்னவோ முணுமுணுவென்று பாடிக்கொண்டே கோலின் துண்டுகளை ஒன்றில் ஒன்று செருகும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சின்ன 'டக்'. கோல் நீண்டுகொண்டே போவது கண்ணுக்குத் தெரியாமல் காதுக்குத் தெரிந்தது.

விசில் ஊதும் வரை யாரும் தூண்டிலைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. ஊதியதும் எல்லாக் கோல்களும் ஒரே நேரத்தில் மேலே எழும். ஊதுகிறவன் நான். விசில் வாயில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, "நெவில், கோலத் தூக்காத," என்று சொல்ல நேரம் இருந்தது. அவசரமே இல்லை, ஆட்டம் எப்போது தொடங்குவது என்பது என் கையில்தானே இருந்தது. ஆனால் அப்போது பதின்மூன்றாம் முளைப் பக்கமிருந்து ஹெட்லியின் குரல் கேட்டது. "நெவில், அங்க எல்லாம் சரியா இருக்கா?" என்றான்.

என்னை அவன் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

ஊதினேன்.

ஒரு நீல வெளிச்சம். சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. எதிர்பார்த்தது என்று சொல்லிவிட்டேனோ. எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

மற்றவர்கள் ஓடிவந்தார்கள். நானும் ஓடினேன். போகிற வழியில் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பிறகு அதைக் கழற்றி நெவிலின் மேல் போர்த்தினேன். என் இளகிய மனசைப் பற்றி அன்று பலர் பேசினார்கள். நான் பிடித்த மீனைக்கூட ஈரக் கையால்தான் தொடுவேன், செதில் உரியக் கூடாது என்று. அது எல்லோருக்கும் தெரியும்.

விசாரணையில் விபத்து என்று முடித்தார்கள். பக்கத்துக் குடியிருப்புப் பையன்கள் முளையைப் பிடுங்கி இடம் மாற்றி விளையாடியிருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். முன்பு ஓரிரு முறை செய்திருக்கிறார்கள்தான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கரைக்காரன் பதில் சொன்னேன்: "இருக்கலாம்." சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். பின்பக்கம், இடது. என் உயரம் பொருந்தியது. நெவிலின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு உங்களப் பத்தி நெறைய சொல்லுவாரு. நீங்க பயங்கர தமாஷாமே," என்றாள்.

அடுத்த ஞாயிறு ஹெட்லி வாசலில் நின்றான், பெட்டியோடு. நான் ஹாரன்கூட அடிக்கவில்லை. தானாகவே கதவைத் திறந்து உட்கார்ந்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹீட்டர் என்று சமாளித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம். ஒரு ஞாயிறு தவறவில்லை. மழை, பனி, கால்வாய் உறைந்து கல்லெறிந்து உடைக்க வேண்டியிருந்த நாட்கள், எல்லாவற்றிலும் வந்தான். குலுக்கலில் தூரத்து எண் விழுந்தால், பக்கத்து எண்காரனோடு மாற்றிக்கொண்டு என் அருகில் வந்து உட்கார்ந்தான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். "என்னப்பா, புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி!" எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். இவ்வளவு நாள் கழித்து என் அருமை அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். யாருக்குத்தான் அப்படி நினைக்கத் தோன்றாது? இந்த வருஷம் அவனுக்கு நெஞ்சுச் சளி கட்டிக்கொண்டது. மூச்சு இரைக்க இரைக்க வந்தான். அப்போதும் வந்தான்.

நேற்று முன்தினம் மழை விடட்டும் என்று வேனுக்குள் உட்கார்ந்திருந்தோம். டீ ஊற்றிக் கொடுத்தேன். மனசு நிறைந்திருந்தது. அந்த நேரத்தில்தான் கேட்கக் கூடாததைக் கேட்கத் தோன்றும்.

"டேய் ஹெட்லி, மழுப்பாம ஒண்ணு சொல்லு. நெவில் கார் நல்லா இருந்துச்சா, என் வேன் நல்லா இருக்கா?"

'மோசமில்ல' வரும் என்று காத்திருந்தேன்.

"நெவில் காரு," என்றான்.

பிளாஸ்க்கின் மூடியை இறுக்கத் திருகினேன்.

"அப்புறம் ஏன்டா எங்கூட வர்ற?"

கோப்பையை முன்பலகையில் வைத்தான். என் பக்கம் திரும்பினான். அவன் அப்படித் திரும்பிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. எப்போதும் வயல்களைத்தான் பார்ப்பான்.

"அன்னிக்கு முட்டி வலின்னு நான் சாப்பிடாம சீக்கிரமே கெளம்பிட்டேன். பனியில உனக்குப் பின்னாலயே வந்தேன், நீ பாக்கல. நீ முளையத் தூக்கிட்டுப் போனத பாத்தேன் வில்ஃப். பலகை மேல கோட்டப் போட்டதையும் பாத்தேன். ஏதோ குறும்பு பண்றான், எங்கள பிரிச்சு உக்கார வைக்கறான்னு நெனச்சு சிரிச்சுக்கிட்டேன். அப்புறம் கொஞ்சம் உறுத்துச்சு. அதான் நெவிலக் கேட்டேன், எல்லாம் சரியா இருக்கான்னு. எழுந்து போயிருக்கணும். போகல. அதுக்கு எனக்குத் தண்டனை நீ. உன் பக்கத்துல இன்னொருத்தன் வந்து உக்காந்துடக் கூடாதுன்னுதான் ரெண்டு வருஷமா நான் உக்காந்தேன். இப்ப டாக்டர் கரைப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாரு. அடுத்த ஞாயித்துக்கெழம நான் இல்ல. அதனால நீயே போய் போலீஸ்ல சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

அவ்வளவுதான், சார்ஜெண்ட். முளையை நகர்த்தியது நான், பலகையை மறைத்தது நான், தெரிந்தேதான் விசில் ஊதினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்று மட்டும் உங்கள் தாளில் சேர்த்துக்கொள்ள முடியுமா? ஹெட்லி வாழ்நாளில் யாரிடமும் இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. நெவிலிடம்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டான்.