சராசரிச் சட்டை

— அப்ப நீ எழுந்து நின்ன. சரி. என்ன சொன்ன?

— என்னத்தைச் சொல்ல? "நேத்து இணைய வகுப்புல நீ கேட்ட கேள்விய எல்லாருக்கும் சொல்லும்மா"ங்கிறார் சார். அறுபது பேர் திரும்பிப் பாக்குறாங்க. நான் திருதிருன்னு முழிக்கிறேன்.

— நீ கேட்டத நீயே மறந்துட்டியா?

— அக்கா... மிஷினை நிறுத்து. நான் எதுவுமே கேக்கல.

— பள்ளிக்கூடச் சீருடைடி. நாளைக்குள்ள நாப்பது உருப்படி குடுக்கணும். நீ பேசு, காது சும்மாதான் இருக்கு.

— என் பேர்ல, என் லேப்டாப்புல இருந்து யாரோ எழுதிக் கேட்டிருக்காங்க. நான் முழிச்சதும் சாரே அதைத் திரையில போட்டுக் காட்டினார். சொல்லவா?

— சொல்லு. எனக்கென்ன.

— "எல்லாப் பிள்ளைங்க கழுத்தையும் அளந்து, சராசரி எடுத்து, அந்த அளவுக்கே சட்டை தைச்சா முக்கால்வாசிப் பிள்ளைக்குப் பொருந்தாது. அப்ப சராசரி யாருக்காக?"

— நல்ல கேள்வியாத்தானே இருக்கு.

— புள்ளியியல் படிக்கிறவ எவளாவது பிள்ளைங்க கழுத்தை அளப்பாளா அக்கா?

— ம்ம்... ம்ம்ம்.

— குண்டூசிய வாயில வெச்சுக்கிட்டுப் பேசாதே. பதில் சொல்ல இஷ்டமில்லேன்னா உடனே நாலு குண்டூசி உள்ள போயிடும் உனக்கு.

— ...இந்தா, எடுத்துட்டேன். நீ பாடத்தை ஊருக்கே கேக்குற மாதிரி வெச்சுட்டுக் குறட்டை விட்டா, அந்த மனுஷன் யார்கிட்ட பேசுவார்? பாவமா இருந்துச்சு. ஒரு கேள்வி கேட்டேன்.

— ஒண்ணுதானா?

— ஒண்ணே ஒண்ணு.

— பதிவு பண்ணின பாடமெல்லாம் நான் ஒன்றரை வேகத்துலதான் ஓட்டுவேன். மறுநாள் திறந்தா சாதாரண வேகத்துல வந்து நிக்குது. நான் தொடவே தொடாத பாடத்துக்கெல்லாம் 'பார்த்தாச்சு'ன்னு பச்சைக் குறி.

— ஒன்றரை வேகத்துல அவர் நாய் துரத்தின ஆள் மாதிரி பேசுறார்டி. அதுல என்ன புரியும் உனக்கு?

— புரியலதான். அதான் போன பரீட்சையில நாப்பத்தொண்ணு. உனக்குப் புரியுதில்ல?

— எனக்கென்ன... பொத்தான் தைக்கிறப்போ ஏதோ காதுல விழும். அவ்வளவுதான்.

— அளவு நோட்டுக் கடைசிப் பக்கத்துல திட்ட விலக்கம் கண்டுபிடிச்சு வெச்சிருக்கியே, அது யாரோட இடுப்பு?

— என் நோட்டை எதுக்குடி எடுத்த?

— என் லேப்டாப்பை நீ எடுக்கல? அதை விடு அக்கா, இங்க பாரு. எங்க பல்கலைக்கழகத்துலயே வீட்ல இருந்து படிக்கலாம். முழுசா இணையத்துல. விண்ணப்பிக்க இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. இப்ப மணி நாலே கால்.

— முப்பத்தொரு வயசுடி எனக்கு.

— திரையில வயசு தெரியாது. நேத்து சாருக்குத் தெரிஞ்சுதா?

— வீட்டுக்கு ஒருத்தி படிச்சாப் போதும்னுதானே...

— அது நீயா எடுத்த முடிவு. அப்ப எனக்கு ஆறு வயசு. என்னை யாரும் கேக்கல.

— இதெல்லாம் அப்புறம் யார் தைக்கிறது?

— நீதான். இத்தனை நாள் தைச்சுக்கிட்டே படிக்கலையா என்ன?

— ம்ம்ம்.

— மறுபடியும் குண்டூசியா? நீ பேசவே வேண்டாம். பேர் போட்டாச்சு. பிறந்த தேதி போட்டாச்சு. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைத்தான் பெட்டியில காணோம்.

— மிஷின் இழுப்பறையில இருக்கு.

— அங்க எதுக்கு வந்துச்சு?

— ...நூல்கண்டுக்கு அடியில பாரு.

— சரி, கிடைச்சுது. இப்ப உன் போன் நம்பரைப் போடுறேன். ஒரு குறுஞ்செய்தி வரும். அதுல இருக்குற எண்ணை மட்டும் சொல்லு, போதும். வந்துச்சா?

— வராது.

— ஏன் வராது? இரு, சிவப்புல என்னமோ காட்டுது. "இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் பெறப்பட்டுள்ளது." ...அக்கா?

— ம்ம்.

— குண்டூசிய எடு.

— மூணு வாரமாச்சு. இடம் கிடைச்சா சொல்லலாம்னு இருந்தேன். கிடைக்கலேன்னா... யாருக்கும் தெரியாமலே போகட்டும்னு.

— ஒரு வாரமா நான் உன்கிட்ட என்ன பேசணும்னு ஒத்திகை பாத்துட்டு இருந்தேன் தெரியுமா?

— தெரியும். குளியலறையில சத்தமாத்தானே பாத்த.

— அப்புறம் எதுக்கு வயசு, சட்டைன்னு அத்தனை சாக்கு?

— நீ சொல்லிக் கேக்கணும்போல இருந்துச்சு. ரொம்ப வருஷமா 'நீ படி'ன்னு யாரும் எனக்குச் சொல்லலையே.

— ...

— இப்ப உனக்குக் குண்டூசி வேணுமா?

— போக்கா. இடம் கிடைச்சா என்ன பண்ணுவ? அதச் சொல்லு.

— என் பாடத்தை நானே வெச்சுக் கேப்பேன். எனக்காக நீ சத்தமா வெச்சுட்டுப் பொய்க் குறட்டை விட வேண்டியதில்ல. நிஜமாத் தூங்குறப்போ உனக்கு மூச்சுச் சத்தமே வராதுடி. நீ பிறந்ததுல இருந்து உன் பக்கத்துல படுக்குறேன், எனக்குத் தெரியாதா?