பன்னிரண்டு கட்டம்

ஜீப்புக்குக் கறுப்புக் கூரை மட்டும் வாங்கிவிடாதீர்கள், கேப்டன். நம் குவைத் வெயிலுக்கு இரண்டே கோடையில் வெளுத்துப் போய்விடும். என் அக்கா கணவர் பர்ராக்கின் ஜீப் கூரை அப்படித்தான் ஆகியிருந்தது. பாலைவனத்தில் கூடாரம் போடும் பருவம் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. வெளுத்த கூரையோடு போய் இறங்கினால் அவருடைய மானம் என்னாவது? வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கூரையைக் கழற்றி இறக்க இரண்டு ஆள் வேண்டும். இப்படிப்பட்ட சமயங்களில்தான் அவருக்கு என் ஞாபகம் வரும்.

அவர்மேல் எனக்குக் கோபமெல்லாம் கிடையாது. ஆண்கள் கூடிப் பேசும் திவானியா கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ஆரம்பிப்பார்.

"நம்ம தாரி இருக்கானே, விமானப்படைப் பயிற்சிய பாதியில விட்டான். ஒட்டகப் பண்ணைய பாதியில விட்டான். நிச்சயம் பண்ண பொண்ணையும் பாதியில விட்டான். ஒரு பேரீச்சம்பழத்தக் குடுத்துப் பாருங்க, அதையும் பாதி தின்னுட்டு வச்சிடுவான்!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பதினோரு வருடமாக அதே நகைச்சுவைதான், மனிதர் சிக்கனக்காரர்.

அவர் வீட்டுக் கார் கொட்டகையில் கூரையை இறக்கி மரத் தாங்கிகள்மேல் வைத்துக் கழுவித் துடைத்தோம். வெளுத்த கறுப்பை மீட்கும் செராமிக் மருந்தைப் பூசுவதுதான் மீதி வேலை. ஈரப் பூச்சில் தூசி ஒட்டிவிடும் என்று அவரே கொட்டகைக் கதவை இழுத்து மூடினார். மின்விசிறியையும் நிறுத்தினார். அவருக்கு ஆஸ்துமா, அந்த செராமிக் மருந்தோ மூக்கைத் துளைக்கும் நெடி.

"கதவக் கொஞ்சம் திறந்து வைக்கலாமே, அத்தான்" என்று நான் சொல்லத்தான் செய்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"நீ வேலையப் பாருடா. கூரைய பன்னிரண்டு கட்டமாப் பிரிச்சுக்க. ஒவ்வொரு கட்டமாப் பூசு. வானவில் மாதிரி நிறம் தெரிஞ்சதும் உடனே துடைச்சிடணும். விட்டேன்னா இறுகிக் கறையாயிடும். வானமே இடிஞ்சு விழுந்தாலும் பாதியில நிறுத்தக் கூடாது. உன்னால முடியுமா மச்சான்?"

முடியும் என்றேன். இருந்த ஒரே முகமூடியையும் எனக்கே கொடுத்தார். அந்த நல்ல குணம் அவரிடம் இருந்தது, மறைக்கமாட்டேன்.

மூன்றாவது கட்டத்தில் இருமினார். நான்காவதில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஐந்தாவதில், "தாரி... இன்ஹேலர்... வண்டியில..." என்றார்.

வண்டி என் முதுகுக்குப் பின்னால் எட்டடி தூரத்தில் நின்றது. கூரை இல்லாத வண்டி, கையை நீட்டினாலே எடுத்துவிடலாம். ஆனால் ஐந்தாவது கட்டத்தில் நிறம் தெரிய ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில் எப்படி விட்டுவிட்டுப் போவது, நீங்களே சொல்லுங்கள்.

ஏழாவதில் நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. எட்டாவதில் தரையோடு தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தார். கை ஆடினால் கோடு விழுமே என்று அவர் விரல்களை மெல்ல விலக்கினேன்.

"பாதியில விடச் சொல்றீங்களா, அத்தான்?"

மரியாதையாகத்தான் கேட்டேன்.

அக்காவை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அவளிடமும் இதையேதான் சொன்னேன்: நான் எதுவும் செய்யவில்லை, தொடங்கிய வேலையை முடித்தேன், அவ்வளவுதான்.

நாற்பது நிமிட வேலைக்கு ஆம்புலன்ஸை ஏன் மூன்று மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாய் என்று உங்கள் ஆட்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு பூச்சே போதும் என்று குப்பியில் தெளிவாக எழுதியிருக்கிறது, நானும் படித்தேன். பன்னிரண்டாவது கட்டத்தைத் துடைத்து முடித்தபோது அவருக்கு மூச்சு இருந்தது. முதல் பூச்சு காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, முதல் கட்டத்திலிருந்து இரண்டாவது பூச்சைத் தொடங்கினேன்.